இரண்டு சதவீதப் பட்டியலும் நாம் கேட்க மறந்த கேள்விகளும்

ஒவ்வோர் ஆண்டும் செப்டெம்பர் நெருங்கும்போது நமது வட்ஸ்அப் குழுமங்களில் ஒரே மாதிரியான வாழ்த்துச் செய்திகள் வரத் தொடங்கும். உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகளின் பட்டியலில் நமது பேராசிரியர் ஒருவர் இடம்பிடித்துவிட்டார் என்று ஒரு பதாகை. அதில் பேராசிரியரின் படம் சிறிதாகவும் வாழ்த்துபவரின் படம் பெரிதாகவும் இருக்கும். கீழே 'மாஷா அல்லாஹ்' என்று நூறு பதில்கள். நானும் பலமுறை அப்படிப் பதில் போட்டிருக்கிறேன். கல்விமான்களைக் கொண்டாடும் சமூகம் உருப்படும். அரசியல்வாதிகளுக்கு மாலை போட்டே பழகிப்போன நமக்கு இது ஒரு நல்ல மாற்றமும்கூட.

ஆனால் இந்த எண்களை நாம் சரியாகப் புரிந்துகொண்டுதான் கொண்டாடுகிறோமா என்ற சந்தேகம் எனக்கு ஒரு மாணவியால் ஏற்பட்டது.

எங்கள் தாராபுரத்தில் நாற்பது வயதைத் தாண்டாத ஒருவர் சுபஹுக்கு எழும்பியவர் அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்து மௌத்தானார். ஜனாஸா அடக்கப்பட்டு மூன்று நாட்களுக்குள் ஒரு செய்தி ஊரெல்லாம் பரவியது. தென்னாசியர்களில் நூற்றுக்கு நான்கு பேருக்கு இதயத்தைச் செயலிழக்க வைக்கும் மரபணுக் கோளாறு இருக்கிறதாம், உலகப் புகழ்பெற்ற விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்களாம், நூற்றுக்கணக்கான ஆய்வுகளில் அது மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறதாம். மௌத்தானவரின் சகோதரர் மகள் உயர்தரத்தில் உயிரியல் படிப்பவள். தொலைபேசியை என்னிடம் நீட்டிக் கேட்டாள்: "சேர், இத்தன பேர் மேற்கோள் காட்டியிருந்தா அது உண்மையாத்தானே இருக்கும்? வாப்பாவுக்கும் இருக்குமா?"

அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. தேடிப் படித்த பின் எனக்குக் கிடைத்த பதில்தான் இந்தக் கட்டுரை.

எண் எப்படி உருவாகிறது?

ஒரு விஞ்ஞானி தனது கண்டுபிடிப்பை ஆய்வுச் சஞ்சிகையில் வெளியிடுகிறார். பின்னர் எழுதும் ஒருவர் அந்தக் கட்டுரையைக் குறிப்பிட்டால் அது ஒரு மேற்கோள். இந்த மேற்கோள்களைக் கணினிகள் எண்ணி வைக்கின்றன. 2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் இதற்கு ஓர் எளிய கணக்கை முன்வைத்தார். ஒருவருடைய கட்டுரைகளில் இருபது கட்டுரைகள் தலா இருபது தடவையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவரது எச்-சுட்டெண் 20. நாற்பது கட்டுரைகள் தலா நாற்பது தடவை என்றால் 40. உலகெங்கும் பதவி உயர்வுகளும் ஆய்வு நிதியும் பெருமளவில் இத்தகைய எண்களைப் பார்த்தே தீர்மானிக்கப்படுகின்றன.

நாம் பகிரும் 2 சதவீதப் பட்டியல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம் வழங்கும் விருது அல்ல. அங்கு பணியாற்றும் ஜோன் அயோனிடிஸ் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் எல்சேவியர் நிறுவனத்தின் ஸ்கோபஸ் தரவைக் கொண்டு தொகுக்கும் ஒரு தரவுத்தளம் அது. அதில் இரண்டு அட்டவணைகள் உண்டு. ஒன்று வாழ்நாள் முழுவதுமான மேற்கோள்களுக்கு, மற்றது ஒரு தனி ஆண்டின் மேற்கோள்களுக்கு. நமது பதாகைகள் எந்த அட்டவணை என்று சொல்வதே இல்லை. தொகுத்தவர்களோ நம்மைவிட நேர்மையாக இருக்கிறார்கள். தன்னைத் தானே மேற்கோள் காட்டியவற்றைக் கழித்தால் ஒருவரின் இடம் என்ன, அவரது எத்தனை கட்டுரைகள் பிழை காரணமாக மீளப்பெறப்பட்டன என்ற விவரங்களையும் அவர்கள் சேர்த்தே தருகிறார்கள். அந்தப் பட்டியலில் இருப்பவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு மேல் குறைந்தது ஒரு கட்டுரையாவது மீளப்பெறப்பட்டவர்கள் என்று அதே குழு எழுதியிருக்கிறது.

ஒரு விஞ்ஞானியின் கணக்கை விரித்துப் பார்ப்போம்

மாணவி காட்டிய ஆய்வின் பின்னால் இருப்பவர்களில் ஒருவர் குமாரசாமி தங்கராஜ். தமிழகத்தில் பிறந்தவர். ஹைதராபாத்தில் உள்ள சி.சி.எம்.பி. எனப்படும் உயிரணு, மூலக்கூற்று உயிரியல் மையத்தில் நீண்ட காலம் பணியாற்றியவர். நூற்றுக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகளில் பெயர் கொண்டவர். நம் பாடநூல்கள் பிறப்புரிமையியல் என்று அழைக்கும் துறையில் தென்னாசியாவில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் பெயர்களில் அவருடையதும் ஒன்று. அவருடைய மூன்று கட்டுரைகளை மட்டும் எடுத்துப் பார்த்தால் மேற்கோள் எண்ணுக்குள் என்னவெல்லாம் ஒளிந்திருக்கிறது என்பது புரியும்.

முதலாவது 2005இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வந்தது. அந்தமான் தீவுகளின் ஒங்கி, பெரிய அந்தமானியர் மக்களின் தாய்வழி மரபணுவைப் படித்து, அவர்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகத் தனித்து வாழ்ந்த மிகப் பழைய குடிகள் என்றது. அடுத்த ஆண்டே அதே சஞ்சிகையில் வேறொரு குழு மறுப்பு எழுதியது. அந்தமானுக்கு மட்டுமே உரியது எனக் கருதப்பட்ட ஒரு தாய்வழிக் கிளையின் உறவுகள் இந்தியப் பெருநிலத்தின் ராஜ்பன்சி மக்களிடமும் காணப்படுகின்றன என்பது அவர்கள் வாதம். இங்கே ஒரு விடயத்தைக் கவனியுங்கள். அந்த மறுப்பும் முதல் கட்டுரையைக் குறிப்பிட்டே எழுதப்பட்டது. எனவே அதுவும் ஒரு மேற்கோள். கணினி 'சரி' என்று சொன்னவரையும் 'பிழை' என்று சொன்னவரையும் பிரித்து எண்ணுவதில்லை.

இரண்டாவது 2009இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வந்தது. டேவிட் ரைக், லால்ஜி சிங் ஆகியோருடன் சேர்ந்து தங்கராஜ் எழுதியது. இந்தியாவின் 25 குழுக்களைச் சேர்ந்த 132 பேரின் மரபணுவை ஆராய்ந்து, இன்றைய இந்தியர்களில் பெரும்பாலானோர் இரண்டு பழைய மூதாதைக் குழுக்களின் கலப்பு என்று காட்டியது. அரசியல் மேடைகள்வரை போன ஆய்வு இது. ஆனால் அதில் அதிகம் பேசப்படாத இன்னொரு செய்தி இருந்தது. சிறு குழுக்களுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகத் திருமணம் நடப்பதால் சில பரம்பரை நோய்கள் அந்தக் குழுக்களில் கூடுதலாகத் தேங்கியிருக்கலாம் என்பதே அது. 2017இல் வந்த தொடர் ஆய்வு இதை மேலும் விரித்தது. ஆந்திராவின் வைசியர் சமூகத்தில் சத்திரசிகிச்சையின்போது கொடுக்கப்படும் ஒரு தசைத் தளர்வு மருந்து பலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. அவர்களின் மரபணுவில் அதற்கான காரணம் இருக்கிறது. சத்திரசிகிச்சைக்கு முன் இதை விசாரித்து அறியும் மயக்க மருந்து வைத்தியர் ஓர் உயிரைக் காப்பாற்றுகிறார். அப்படிக் காப்பாற்றப்பட்ட உயிர் எந்த எச்-சுட்டெண்ணிலும் ஏறாது.

வம்சாவளி ஆய்வு என்றதும் நம் சமூகத்துக்கு ஒரு பழைய காயம் நினைவுக்கு வரும். 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிடும் கட்டுரையை ரோயல் ஆசியச் சங்கத்தில் வாசித்தார். அதற்கு ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் ஒரு நூலாகவே மறுப்பு வெளியிட்டார். இராமநாதனுக்கு இருந்த செல்வாக்கையும் அவரது கட்டுரைக்குக் கிடைத்த கவனத்தையும் பார்த்து அவர் வாய் மூடி இருக்கவில்லை. வாதத்துக்கு வாதம், சான்றுக்குச் சான்று என்று எழுதினார். யார் சொன்னார், எத்தனை பேர் ஏற்றார் என்பதைவிட என்ன ஆதாரம் என்று கேட்கும் பழக்கம் நமக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே இருந்திருக்கிறது.

மூன்றாவது கட்டுரைதான் மாணவியைப் பயமுறுத்தியது. 2009இல் 'நேச்சர் ஜெனடிக்ஸ்' சஞ்சிகையில் தண்டபாணி, சக்திவேல் சடையப்பன், தங்கராஜ் உள்ளிட்ட பலர் எழுதியது. இதயத் தசையின் ஒரு புரதத்துக்கான மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு மாற்றம், இந்தியத் துணைக்கண்ட வம்சாவளியினரில் சுமார் 4 சதவீதத்தினரிடம் இருக்கிறது என்றும், இதயத் தசை நோயாளிகளிடம் அது ஏனையோரைவிடப் பல மடங்கு கூடுதலாகக் காணப்படுகிறது என்றும் அவர்கள் கண்டார்கள். 800 நோயாளிகளையும் சுமார் 700 ஆரோக்கியமானவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு அது. உலகப் பத்திரிகைகள் ஆறு கோடி மக்கள் என்று தலைப்புப் போட்டன.

கதை அங்கே முடியவில்லை. முதல் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவரான சடையப்பனின் குழுவே 2018இல் அந்தக் கேள்வியை மீண்டும் திறந்தது. அமெரிக்காவில் வாழும் 2,401 தென்னாசியர்களைப் பரிசோதித்ததில் ஏறத்தாழ 6 சதவீதத்தினரிடம் அந்த மாற்றம் இருந்தது. ஆனால் அதைக் காவுபவர்களில் பத்தில் ஒருவர் அளவினரிடம் அதே மரபணுவில் இன்னொரு மாற்றமும் சேர்ந்திருந்தது. இதயம் அசாதாரணமாக இயங்கும் அறிகுறிகள் அந்தச் சிறு குழுவினரிடமே தெரிந்தன. 2020இல் வெளிவந்த இன்னொரு மறு ஆய்வு மேலும் தெளிவாகச் சொன்னது. 25 எழுத்து விடுபடல் தனித்து நோயைத் தருவதாகத் தெரியவில்லை, அதனோடு ஒட்டிப் பயணிக்கும் அரிதான வேறொரு மாற்றமே நோய்க்குப் பொறுப்பு என்பதே அதன் முடிவு.

ஆக, வட்ஸ்அப்பில் வந்த 'நூற்றுக்கு நான்கு' என்பது பொய்யல்ல. ஆனால் அந்த நால்வரில் மிகப் பெரும்பாலானோருக்கு அதனால் நோய் வருவதாக இன்றைய அறிவு சொல்லவில்லை. 2009 ஆய்வாளர்கள் மோசடி செய்யவும் இல்லை. அவர்கள் ஒரு வாசலைத் திறந்தார்கள். அதன் வழியே போனவர்கள் உள்ளே இருந்ததை இன்னும் தெளிவாகப் பார்த்தார்கள். திருத்தியவர்களின் கட்டுரைகளும் அந்த முதல் கட்டுரையின் மேற்கோள் கணக்கைக் கூட்டியே இருக்கின்றன. எண்ணை மட்டும் பார்த்தவருக்குப் பயம் மிஞ்சும். மேற்கோள் காட்டியவர்கள் என்ன சொன்னார்கள் என்று படித்தவருக்கு ஆறுதல் கிடைக்கும்.

ஹதீஸ் கலை நமக்குக் கற்றுத்தந்தது

இதைப் புரிந்துகொள்வதற்கு முஸ்லிம்களாகிய நாம் வெகுதூரம் போகத் தேவையில்லை. ஒரு செய்தி எத்தனை வாய்களில் உலவுகிறது என்பதையும் அது எவ்வளவு நம்பகமானது என்பதையும் பிரித்துப் பார்க்கும் ஒரு கலையையே நம் முன்னோர் உருவாக்கினார்கள்.

பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாக்களில் தவறாமல் ஒலிக்கும் ஒரு வாசகம் உண்டு. சீன தேசம் சென்றேனும் கல்வியைத் தேடச் சொல்லும் அந்த வாசகத்தை நபிமொழி என்றே நாம் மேடைகளில் சொல்லி வருகிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் இமாம் இப்னுல் ஜவ்ஸி அதை இட்டுக்கட்டப்பட்ட செய்திகளின் தொகுப்பில் சேர்த்தார். ஹதீஸ் துறை அறிஞர்கள் பலர் அதன் அறிவிப்பாளர் தொடரை ஏற்பதில்லை. ஆயிரம் மேடைகளில் மேற்கோள் காட்டப்பட்டும் அதன் தரம் உயரவில்லை.

இதற்கு நேர்மாறானது, செயல்கள் எண்ணத்தைப் பொறுத்தவை என்ற கருத்துடைய ஹதீஸ். இமாம் புகாரி தமது தொகுப்பை அதைக் கொண்டே ஆரம்பிக்கிறார். அதன் ஆரம்பத் தலைமுறைகளில் ஒருவரிடமிருந்து ஒருவர் என்ற தனிக் கோடுதான் இருக்கிறது. உமர் ரழியல்லாஹு அன்ஹு அவர்களிடமிருந்து அல்கமா, அவரிடமிருந்து முஹம்மத் இப்னு இப்ராஹீம், அவரிடமிருந்து யஹ்யா இப்னு ஸஈத். அதன் பின்னரே நூற்றுக்கணக்கானோர் அறிவிக்கிறார்கள். எண்ணிக்கை குறைவு என்று யாரும் அதை ஒதுக்கவில்லை. ஒவ்வொரு கண்ணியும் உறுதியானது என்பதால் அது ஸஹீஹ்.

விஞ்ஞானத்திலும் இதே நிலைதான். மெண்டல் என்ற துறவி பட்டாணிச் செடிகளை வைத்துக் கண்டறிந்த விதிகளை 1866இல் வெளியிட்டார். இன்று பத்தாம், பதினோராம் தரப் பிள்ளைகளுக்கு நாங்கள் கற்பிக்கும் அந்த விதிகளை அடுத்த 34 ஆண்டுகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே குறிப்பிட்டார்கள். 1884இல் அவர் இறந்துபோனார். 1900இல்தான் உலகம் அவரைக் கண்டெடுத்தது. இன்றைய அளவுகோலில் பிறப்புரிமையியலின் தந்தைக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்காது.

எண்ணே இலக்காகும்போது

பரீட்சைப் புள்ளிக்காக மட்டும் படிக்கும் பிள்ளை எப்படிப் பாடத்தைத் தவறவிடுகிறதோ, மேற்கோளுக்காக மட்டும் எழுதும் ஆய்வாளரும் அப்படித்தான். ஆசிரியர்களாகிய நாங்கள் இந்த நோயை வகுப்பறையில் தினமும் பார்க்கிறோம். 'பாஸ்ட் பேப்பர்' மட்டும் மனனம் செய்து ஏ எடுத்த பிள்ளைக்கு நுணுக்குக்காட்டியில் ஒரு வெங்காயக் கலத்தைக் காட்டத் தெரியாமல் இருக்கும்.

2011இல் 'சயன்ஸ்' சஞ்சிகை ஒரு செய்தி வெளியிட்டது. ஜித்தாவின் மன்னர் அப்துல் அஸீஸ் பல்கலைக்கழகம், அதிகம் மேற்கோள் காட்டப்படும் வெளிநாட்டு விஞ்ஞானிகளுக்கு ஆண்டுக்கு 72,000 டொலர் வழங்கியது. அவர்கள் சில வாரங்கள் அங்கு வந்து போவதோடு தங்கள் விவரக்குறிப்பில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரையும் சேர்க்க வேண்டும். இதனால் உண்மையான கூட்டு ஆய்வு வளரும் என்று வாதிட்டவர்களும் உண்டு. ஆனால் தரவரிசையில் ஏறியது பெயர். அந்த மண்ணில் எத்தனை இளம் ஆய்வாளர்கள் உருவானார்கள் என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி. 2023 இறுதியில் 'நேச்சர்' வெளியிட்ட ஒரு கணிப்பில், மீளப்பெறப்பட்ட கட்டுரைகளின் விகிதம் கூடிய நாடுகளில் சவூதி அரேபியாவும் பாகிஸ்தானும் முன்னணியில் இருந்தன. முஸ்லிம் உலகின் விஞ்ஞான எழுச்சி என்று வரைபடங்களைப் பகிரும் நாம் இதையும் பகிர வேண்டும். நம் வீட்டுக் குறையை நாமே பேசாவிட்டால் அயலவர் பேசுவர்.

இது முஸ்லிம் நாடுகளின் நோய் மட்டுமல்ல. சென்னையைச் சேர்ந்த ஒரு கணினி விஞ்ஞானியின் மேற்கோள்களில் 94 சதவீதம் அவரும் அவரது சக ஆசிரியர்களும் தமக்குத் தாமே போட்டவை என்று 2019இல் வெளியானது. மரபணுத் துறையில் 2015இல் ஒரு கட்டுரைக்கு 1,014 ஆசிரியர்கள். அவர்களில் 900க்கு மேற்பட்டோர் பட்டப்படிப்பு மாணவர்கள். அது ஒரு நல்ல கற்பித்தல் முயற்சி, மோசடி அல்ல. ஆனால் அந்தக் கட்டுரையின் மேற்கோள் ஒவ்வொன்றும் 1,014 பேரின் கணக்கிலும் முழுதாக ஏறும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

எந்தப் பட்டியலிலும் ஏறாத பயன்

நம் நாட்டிலிருந்தே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. ஒக்ஸ்போர்டின் டேவிட் வெதரோலும் அனுஜ பிரேமவர்தன உள்ளிட்ட இலங்கை மருத்துவர்களும் சேர்ந்து இந்நாட்டின் தலசீமியா நோயாளர்களையும் பாடசாலைப் பிள்ளைகளையும் ஆராய்ந்து 2000ஆம் ஆண்டு 'லான்செட்' சஞ்சிகையில் எழுதினார்கள். எதிர்காலத்தில் எந்த நேரத்திலும் 2,000க்கு மேற்பட்ட நோயாளர்கள் சிகிச்சை வேண்டி நிற்பார்கள் என்று அந்தக் கட்டுரை எச்சரித்தது. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு மாதாமாதம் இரத்தம் ஏற்ற வேண்டும். சேரும் இரும்பை வெளியேற்ற மருந்து வேண்டும். பெற்றோர் இருவரும் ஆரோக்கியமான காவிகளாக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு அபாயம்.

இது நம் வாசலுக்கு வரும் விடயம். மாமி மகள், மாமா மகன் என்று உறவுக்குள் மணம் முடிப்பது மார்க்கத்தில் ஆகுமானது. ஊருக்குள் மணம் முடிப்பதும் நம் வழக்கம். 1990 ஒக்டோபரில் விரட்டப்பட்டு, புத்தளத்து முகாம்களில் ஒன்றாகக் கிடந்து, பின்னர் சிறுகச் சிறுக மீண்ட நமக்கு உறவை இறுக்கிப் பிடிப்பது பாதுகாப்பாகவும் தெரிகிறது. அதில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் உறவுக்குள் நடக்கும் திருமணத்தில் ஒரே கோளாறை இருவரும் காவும் வாய்ப்புக் கூடும். நிக்காஹ்வுக்கு முன் ஓர் இரத்தப் பரிசோதனை அதைச் சொல்லிவிடும். மஹர் பேசும் நாளில் இதையும் ஒரு வார்த்தை பேச நம் பள்ளிவாசல் நிர்வாகங்கள் முன்வந்தால், லான்செட் கட்டுரைக்கு நம் ஊரில் கிடைக்கும் உண்மையான மேற்கோள் அதுவாகவே இருக்கும்.

எனவே அடுத்த முறை பதாகை வரும்போது வாழ்த்துங்கள். வாழ்த்திய பின் மூன்று கேள்விகளையும் கேளுங்கள். இவர் கண்டுபிடித்தது என்ன? அதை வேறு யாராவது மீண்டும் சோதித்துப் பார்த்தார்களா? அதனால் யாருக்கு என்ன பயன் கிடைத்தது? உண்மையான அறிஞர் இந்தக் கேள்விகளால் மகிழ்வார். பட்டியலில் இல்லாமல் ஒரு கிராமத்து வைத்தியசாலையில் தரவு சேகரித்துக்கொண்டிருக்கும் இளம் வைத்தியரையும், ஆய்வுகூடம் இல்லாத பாடசாலையில் மாணவரைச் சிந்திக்கவைக்கும் ஆசிரியரையும் அப்போது நம் கண்கள் காணும். செய்தி வந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு ஸூரத்துல் ஹுஜுராத்தின் ஆறாம் வசனம் இட்ட கட்டளை, புகழ்ச்சியாக வரும் செய்திக்கும் பொருந்தும்.

மாணவிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "அந்த ஆய்வு பெரிய ஆய்வுதான். ஆனா அதுக்குப் பிறகு வந்தவங்க அத திருத்தியிருக்காங்க. அந்த மாற்றம் இருந்தாலும் எல்லாருக்கும் வருத்தம் வராது. சாச்சா சின்ன வயசுல திடீரெண்டு மௌத்தானதால வாப்பாவ ஒருக்கா இதய வைத்தியர்ட்ட காட்டுங்க. ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்துப் பார்க்கட்டும். வட்ஸ்அப்ப பார்த்துப் பயப்பட வேணாம்."

அவள் வாப்பாவை அழைத்துக்கொண்டு போனாள். அறிக்கையில் கோளாறு எதுவும் இல்லை. அல்ஹம்துலில்லாஹ். இப்போது அவள் என்னிடம் கேட்பது வேறு கேள்வி. 2020இல் திருத்தியவர்களை அதற்குப் பிறகு யாராவது திருத்தியிருக்கிறார்களா என்று. நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.